அறுபதில் அகரம்

கேள்வி: 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்றவர்கள் 73 சதவீதம். அறுபது வயதுக்காரருக்கு இனி 'அ, ஆ' சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது?
- ஒரு வாசகர், தேனி

பதில்: சம்பளச் சீட்டில் போட்டிருக்கும் தொகையும் கைக்கு வந்த தொகையும் ஒன்றுதானா என்று அவரே பார்ப்பார். அது போதாதா?

அந்த 73, ஏழு வயதுப் பிள்ளை முதல் எல்லோரையும் சேர்த்த கணக்கு. பெரியவர்களை மட்டும் எண்ணினால் இன்னும் இறங்கும். யாரையும் வாசிக்கச் சொல்லிப் பார்த்ததுமில்லை. வீட்டார் சொன்னதுதான் பதிவானது. பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் 65 சதவீதம்தான்.

புதுக்கோட்டையில் 1991-ல் தொடங்கிய அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தைப் பாருங்கள். பகலெல்லாம் கல் உடைத்த பெண்கள் மாலையில் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். கூடவே சைக்கிளும் கற்றார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறிப் போனார்கள். குவாரிகளைக் குழுவாகக் குத்தகைக்கு எடுத்துத் தாங்களே நடத்தவும் செய்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூட வயதைத் தாண்டியவர்கள்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இன்னும் கைநாட்டு வைக்கிறாரா? நாளை மாலை அரை மணி நேரம் அவருக்கு ஒதுக்குங்கள். அவர் பெயரிலிருந்தே ஆரம்பியுங்கள்.