கொம்புக்கு ஒரு ரம்பம்

கொலராடோவில் ஆகஸ்ட் முடியும்போது எங்கள் தெரு ஆண்களின் பேச்சே மாறிவிடும். அதுவரை புல்வெட்டும் இயந்திரம், வீட்டுக்கடன் வட்டி என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் எலும்பு அறுக்கும் ரம்பத்துக்குத் தாவிவிடுவார்கள். விலங்கு இன்னும் மலையில் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருக்கும். துப்பாக்கி அலமாரியில் தூங்கும். எதைக்கொண்டு அறுப்பது என்ற வழக்கு மட்டும் விசாரணைக்கு வந்துவிடும்.

மான் என்றதும் கிண்டியில் பார்த்த புள்ளிமானை நினைத்துவிடாதீர்கள். இங்குள்ள எல்க், நம் கடமானுக்குப் பெரியப்பா முறை. வளர்ந்த ஆண் சுமார் 300 கிலோ. சுடப்பட்டதும் அது போய் விழுவது வண்டி நுழையாத பள்ளத்தில்தான். அங்கேயே தோலுரித்து, துண்டுபோட்டு, முதுகில் சுமந்து மேடேற வேண்டும். சுமக்க ஆள் வேண்டும்; அதற்குக் கூலி கறி. வேட்டைக்கும் எனக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

அந்த உறவை நம்பிப் பக்கத்து வீட்டுக்காரர் என்னையும் கடைக்கு அழைத்துப்போனார். ஒரு சுவர் நிறைய ரம்பங்கள். ஜப்பானிய சில்க்கி மடக்கு ரம்பம் பைக்குள் அடங்கும்; இழுக்கும்போதுதான் அறுக்கும், கோபத்தில் தள்ளினால் அலகு வளையும். வயோமிங் ரம்பத்தைப் பிரித்து உறைக்குள் செருகலாம். எலும்புக்கு ஓர் அலகு, மரத்துக்கு ஓர் அலகு. ஆனால் காட்டில் அதைப் பூட்டும்போது நட்டு கைதவறினால், புல்லில் அதைத் தேடுவது தனி வேட்டை. பேட்டரியில் ஓடும் ரம்பமும் இருந்தது. மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்தில் சமையல் எண்ணெய் ஊற்றி எல்க்கைப் பிளப்பவர்களும் உண்டு என்றார் கடைக்காரர்.

பிறகு பல் விசாரணை. பெரிய பல் எலும்பில் பிடிக்காமல் துள்ளும். நுண்பல் பிடிக்கும், கொழுப்பும் முடியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். என் பல்லுக்குக்கூட நான் இவ்வளவு யோசித்ததில்லை.

இத்தனையையும் கேட்டுவிட்டு மலைக்குப் போனால், எங்களோடு வந்த பெரியவர் ஒருவர் விரல் நீளக் கத்தியோடு உட்கார்ந்தார். ரம்பமே இல்லை. எல்க்கின் முன்னங்கால் உடம்போடு எலும்பால் இணைந்திருப்பதில்லை, சதைதான் பிடித்துவைத்திருக்கிறது. அக்குள் பக்கம் கத்தியை ஓட்டினார், கால் கையோடு வந்துவிட்டது. பின்னங்காலில் பந்தும் கிண்ணமுமாக ஒரு மூட்டு. நுனியை விட்டு நாரை அறுத்ததும் கழன்றது. முதுகெலும்பின் இருபுறச் சதையையும் உருவினார். குடலைக்கூட வெளியே எடுக்கவில்லை. எலும்புத்தூளோ மஜ்ஜையோ கறியில் படவில்லை. மூட்டு இருக்கும் இடம் தெரியாதவர்களுக்காகத்தான் கடையில் அந்தச் சுவர் இருக்கிறது.

ரம்பத்துக்கு எதிராக இன்னொரு சாட்சியும் உண்டு. மான்களை மெலியவைத்துக் கொல்லும் நோய் ஒன்று 1967இல் இதே கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வுக்கூடத்து மான்களிடம் முதலில் தென்பட்டது. அதற்குக் காரணமான புரதம் மூளையிலும் தண்டுவடத்திலும் சேரும். மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணமில்லை. ஆனாலும் அந்த இடங்களை அறுக்காதீர்கள் என்கிறார்கள் அதிகாரிகள்.

அப்படியானால் ரம்பம் எதற்கு? பக்கத்து வீட்டுக்காரரிடமே கேட்டேன். சற்றுத் தயங்கி, "கொம்புக்கு" என்றார். மண்டையோட்டின் மேல்தட்டோடு கொம்பை எடுக்கக் கத்தி போதாது. ஆக, எதை அறுக்கக்கூடாதோ அதற்கு ஒட்டினாற்போல் அறுக்கத்தான் இவ்வளவு ஆராய்ச்சியும். கறி வீட்டாருக்கு, கொம்பு விருந்தாளிகளுக்கு. அலாஸ்கா அரசுக்கு இந்த மனசு நன்றாகத் தெரியும். அங்கே மூஸ் மான் வேட்டையில் கறியை விட்டுவிட்டுக் கொம்பை முதலில் தூக்கிவர முடியாது. கடைசிச் சுமையோடுதான் அது கிளம்பலாம் என்று விதியே போட்டிருக்கிறது.

என்னைக் கேட்டால் நுண்பல் மடக்கு ரம்பம் ஒன்று போதும். இடுப்பெலும்பைப் பிளக்க வேண்டிவந்தால் உதவும். வேண்டிவராவிட்டால் எடையும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கேட்கவில்லை. சுவரில் ஒவ்வொரு வகையிலும் ஒன்று எடுத்துக்கொண்டார். கொம்பும் நல்லபடியாக வந்து சேர்ந்தது. கூடத்தில் மாட்டக்கூடாது, கார் கொட்டகையில் வேண்டுமானால் மாட்டிக்கொள்ளலாம் என்று அவர் மனைவி சொல்லிவிட்டார். கொட்டகைச் சுவரில்தான் இடமில்லை. அங்கே ரம்பங்கள் மாட்டியிருக்கின்றன.