ஒரே ஒடியில் திரும்பியவர்

ஹெரால்டுக்காரர் எனப்படுபவர் இன்று ஹெரால்டு வைத்திருப்பவர் அல்லர். என்றோ வைத்திருந்து விற்றுவிட்டு, விற்ற நாள் முதல் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர். இவ்வகையினர் கோவையிலும் சென்னையிலும் உண்டெனினும், கல்லட்டி மலைப்பாதையிலிருந்து மசினகுடி வழியே வரும் சாலையும் கூடலூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையும் கூடுகிற தெப்பக்காட்டில், மாயாற்றுப் பாலத்தை அடுத்து நின்று தேநீர் குடிக்கும் வேளையில்தான் அவர்களை முழு வீச்சில் காண முடிகிறது. கொண்டை ஊசி வளைவு, யானை, பேருந்து வரும்வரை எங்கும் போக முடியாத கேட்பவர் என்று அவர்களுடைய பேச்சுக்கு வேண்டிய மூன்றும் ஒருங்கே வாய்க்கும் இடம் வேறில்லை.

பேசப்படும் வண்டி, 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். இத்தாலியரான ஜியோவான்னி மிகெலொட்டி வரைந்த அந்தக் காரை, 1961 முதல் மதராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் தயாரித்தது. 948 சிசி எஞ்சினும் ஏறத்தாழ 35 குதிரைத்திறனும் கொண்ட அதனை ஹெரால்டுக்காரர் ஒருபோதும் ‘கார்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை, ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்றே சொல்வார். ஹெரால்டின் அடிச்சட்டத்தை ஒட்டி எழுந்த ஸ்பிட்ஃபயரும், ஆறு சிலிண்டர் வைட்டெஸ்ஸும் இங்கிலாந்தில் விரைவுக்குப் பெயர்பெற்றவை என்பதே இதற்கு அவர் காட்டும் ஆதாரம்; ஒன்றுவிட்ட தம்பி கலெக்டரானதால் தனக்கும் சைரன் வைத்த வண்டி உண்டென்று ஒருவர் ஊருக்குள் சொல்லித் திரிவது போன்ற வாதம் இது. சோழவரம் பந்தயத்திடலில் ஹெரால்டுகள் ஓடியதுண்டு என்பது உண்மைதான். ஆனால் இவருடைய ஹெரால்டு சோழவரத்துக்குப் போனதில்லை, கோத்தகிரிச் சந்தைக்குத்தான் போயிருக்கிறது.

வண்டியின் வேகம், அழகு, விலை ஆகியவற்றையெல்லாம் இரண்டு வாக்கியங்களில் கடந்து அவர் வந்து சேருமிடம் ஒன்றே: திரும்பு வட்டம். ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்தபின், பின்னுக்கு எடுக்காமல் வண்டி ஒரு சுற்றுச் சுற்றிவருவதற்கு வேண்டிய வட்டத்தின் விட்டத்தை இச்சொல் குறிக்கும். ஹெரால்டுக்கு அது 25 அடி, அதாவது சுமார் 7.6 மீட்டர், இன்றைய சிறிய கார்கள் பலவற்றாலும் எட்ட முடியாத அளவு. இந்தச் சிறப்பு அமைந்த விதம் சுவையானது. கார்க்கூடு செய்து தந்துகொண்டிருந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டதால், உடலும் சட்டமும் ஒன்றாகிய புதுவகைக் கூட்டைச் செய்துகொள்ள ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் நிறுவனத்துக்கு வழியில்லாமல் போயிற்று. ஆகவே மற்றவர்கள் கைவிடத் தொடங்கியிருந்த தனிச்சட்டத்தையே எடுத்துக்கொண்டு, அதன்மேல் தகடுகளைப் போல்ட்டு போட்டு முடுக்கினார்கள். சக்கரங்கள் அவ்வளவு தூரம் ஒடியவும், முன்புறத் தகடு முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கித் திறந்துகொள்ளவும் இந்த அமைப்பு இடம் தந்தது. வேறு வழியில்லாத கம்பெனி செய்த சமாளிப்பை, அறுபது ஆண்டுகளுக்குப் பின் தெப்பக்காட்டில் ஒருவர் தம் சொந்தச் சாமர்த்தியமாகச் சொல்லிக்கொள்வது அந்தப் பொறியாளர்கள் எதிர்பார்த்திராத ஒன்று.

திரும்பு வட்டத்தை அவர் எண்ணாக மட்டும் சொல்வதில்லை, யானைக் கதையாகச் சொல்வார். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவற்றில் அம்பாசடர்காரரும் ஃபியட்காரரும் இரண்டு முறை பின்னுக்கு எடுத்துத் திணறிய இடத்தில் ஹெரால்டு ‘ஒரே ஒடி’யில் திரும்பியது என்பது பாயிரம். தெப்பக்காட்டுக்கும் மசினகுடிக்கும் நடுவே ஒரு மாலையில் ஒற்றை யானை சாலைக்கு வந்து நின்றதும், அவர் பதறாமல் ஸ்டீயரிங்கை ஒடித்து, வந்த வழியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனதும் நூல். தொடக்ககாலப் பதிப்பில் அந்த யானை நூறு கெஜத் தொலைவில் நின்ற பெட்டையானை. பின்னர் அது கொம்பில்லாத ஆண் யானையாகிய மக்னாவாகி, இப்போது தந்தம் தரையைத் தொடும் கொம்பனாக, பானட்டின் மேல் மூச்சுவிடும் தொலைவுக்கு வந்திருக்கிறது. யானை வளர வளரச் சாலை குறுகியது. முதலில் முப்பது அடியாக இருந்தது இருபதாகி, பதினாறாகி, அண்மையில் பன்னிரண்டு அடிக்கு வந்திருக்கிறது. ஹெரால்டின் நீளமே 12 அடி 9 அங்குலம் என்பதால், வண்டியைக் குறுக்கே நிறுத்தக்கூட முடியாத சாலையில் அவர் அதை இப்போதே திருப்பிக் காட்டிவிட்டார் என்றே கொள்ளலாம்.

தெப்பக்காட்டு யானை முகாமில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாவுத்தர் எவரேனும் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தால் இக்கதைக்கு ஓர் இடையூறு நேர்கிறது. யானைக்குக் கேழ்வரகுக் களியும் கொள்ளும் உருட்டிக் கொடுத்தே வயதாகிப்போன அவர், காரைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. “சரிங்க சார், யானை என்ன பண்ணுச்சு?” என்று மட்டும் கேட்கிறார். ஹெரால்டுக்காரரிடம் இதற்கு விடையில்லை. அவர் திரும்பியபின் யானை என்ன செய்தது என்பதை அவர் பார்க்கவுமில்லை, நினைத்துப் பார்த்ததுமில்லை; கார் திரும்புவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அதற்காக வந்து நின்ற யானை அது.

வாய்ச்சொல் போதாதபோது அவர் வர்க்கியைக் கையில் எடுப்பார். நீலகிரிப் பேக்கரிகளில் அடுக்கடுக்காகச் சுட்டெடுக்கும் இந்த மொறுமொறுப்பான தின்பண்டம் இரண்டையும் ஒரு தீக்குச்சியையும் வைத்து அவர் விளக்குவது ஹெரால்டின் ஊசலாடும் பின் அச்சு. பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே தண்டில் பிணைக்காமல், ஒவ்வொன்றும் நடுவிலுள்ள மூட்டிலிருந்து தனித்தனியே மேலும் கீழும் அசையும்படி விட்ட அமைப்பு அது. பள்ளங்களில் சுகமானது, ஆனால் வளைவில் வேகமாக நுழைந்து சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கி, வண்டியின் பின்புறம் தூக்கிக்கொள்ளும். இந்த இடத்தில் தீக்குச்சி அழுந்தி வர்க்கி உடைந்து மேசையெங்கும் தூளாகும். “இதனாலதான் கெஸல்ல மாத்திட்டான்” என்று அவர் முடிப்பார். 1970-களில் அதே எஞ்சினோடு வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் வழக்கமான ஒற்றைத் தண்டு அச்சு வைக்கப்பட்டது மெய்யே. வர்க்கிக்குக் காசு கொடுப்பவர் கேட்டுக்கொண்டிருந்தவர்.

இவரை முழுக்க வெறுக்கவும் முடிவதில்லை. கோடைக்காலத்தில் ஊட்டிக்கு வரும் பழைய கார்களில் மெய்யான ஹெரால்டு ஒன்று தென்பட்டுவிட்டால், இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்ட நான்கு கதவு வடிவமா, மூத்த இரண்டு கதவு வடிவமா என்று ஒரு கண்ணாலேயே அறிந்துகொண்டு, உரிமையாளரின் அனுமதியைக்கூடக் கேளாமல் வெள்ளை வேட்டியோடு வண்டிக்கடியில் நுழைந்துவிடுவார். முன்சக்கரங்களைத் தாங்கித் திருப்புகிற ட்ரன்னியன் என்னும் மரையிட்ட மூட்டுக்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும் என்பதை அறிந்தவர்கள் இன்று மிகச் சிலர். கிரீஸ் இறுகி மரை தேய்ந்தால் ஓடுகிற ஓட்டத்தில் சக்கரம் கழன்று மடங்கிவிடும். அடியிலிருந்து வெளியே வந்து, வேட்டியில் கரியோடு, முன்பின் தெரியாத ஓர் இளைஞனுக்கு அவர் அதைச் சொல்லிக்கொடுக்கும் அந்தப் பத்து நிமிடங்களில் யானை வருவதில்லை, சாலையும் குறுகுவதில்லை. அவருக்குத் தெரிந்தது உண்மையிலேயே நிறைய என்பது அப்போதுதான் புலப்படும்.

ஆயினும் தெப்பக்காட்டில் அவர் செய்யும் ஒன்றை நகைத்து விட்டுவிட இயலாது. ஹெரால்டை விற்றபின் அவர் வாங்கியது மாருதி 800. அதன் திரும்பு வட்டம் ஹெரால்டினதைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் கூடுதல், அந்த ஒரு மீட்டரை அவர் மாருதிக்கு இன்றுவரை மன்னிக்கவில்லை. வேற்றுமையைக் கண்ணால் காட்டுவதற்காக அவர் தம் மாருதியை மசினகுடிச் சாலையின் நடுவில் நிறுத்தி, இறங்கி, ஹெரால்டு எந்த இடத்தில் திரும்பியிருக்கும் என்று செருப்பால் கோடு போடுவார். 2007இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட முதுமலைக் காட்டின் ஊடே செல்லும் சாலை அது. அங்கே வண்டியை நிறுத்துவதும் இறங்குவதும் தடைசெய்யப்பட்டவை, பிடிபட்டால் அபராதமும் உண்டு. பின்னால் அரசுப் பேருந்து நிற்கிறது, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அதற்குள் நிற்கிறார்கள், புதருக்கப்பால் குட்டியோடு நிற்கும் யானைக்கூட்டம் சாலையைக் கடக்க முடியாமல் பின்வாங்குகிறது. வனக்காவலர் வந்து எடுக்கச் சொன்னால், அவருக்கும் 25 அடி என்பது எவ்வளவு என்று அளந்து காட்டப்படுகிறது.

அவர் கதைகளில் இடம்பெறாதவர்களின் பட்டியலும் நீண்டது. முப்பத்தைந்து குதிரைத்திறன் கொண்ட வண்டி, ஐந்து பேரையும் இரண்டு பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கல்லட்டியில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருந்தபோது ரேடியேட்டர் கொதித்ததும், ஒவ்வொரு முறையும் மனைவியும் பிள்ளைகளும் இறங்கித் தள்ளியதும், ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டுவந்ததும் அவருடைய கதையில் “கொஞ்ச நேரம் நின்னோம்” என்ற மூன்று சொற்களில் முடிந்துவிடுகின்றன. திறந்த பானட்டுக்குள் முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்து அவர் புகைத்த சிகரெட்டுக்கு மட்டும் பிராண்டு முதற்கொண்டு சொல்லப்படுகிறது. உதிரிபாகம் வராமல் போன காலத்தில், உடைந்த அச்சு மூட்டைக் கடைசல் பட்டறையில் கொடுத்துக் கடைந்து மாட்டி, அந்த வண்டியைப் பல ஆண்டுகள் ஓடவைத்தவர் கூடலூர் மெக்கானிக் ஒருவர். ட்ரன்னியனுக்கு ஆயில்தான் விட வேண்டும் என்று இவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. அவர் யார் என்று கேட்டால், ஹெரால்டுக்காரர் சற்று யோசித்து, “அங்க ஒரு பையன் இருந்தான்” என்கிறார். அந்தப் பையன் அன்றே இவரைவிடப் பத்து வயது மூத்தவர்.