விளக்கு வைத்த பிறகு

நாசரேத்துப் பக்கம், தேரி மணலும் பனையும் சூழ்ந்த ஊர் எங்களுடையது. அந்த ஊரில் விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கு வீடு பாட்டுச் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால். பாயை விரித்து எல்லோரும் உட்காருவோம். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், பிறகு அப்பாவின் ஜெபம், கடைசியில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் கர்த்தருடைய ஜெபம். கீர்த்தனைகளில் பாதி வேதநாயகம் சாஸ்திரியார் பாடியவை. 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சாவூரில் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர் அவர். அந்த விவரமெல்லாம் எனக்குப் பெரியவளான பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், அம்மா சுருதி பிசகாமல் பாடுவாள், அப்பா பிசகிப் பாடுவார் என்பதுதான்.

அப்பாவின் ஜெபம் நீளமானது, ஏனென்றால் அதில் பெயர்கள் வரும். பனையேறும் அண்ணாச்சிகளுக்குக் கால் வழுக்கக் கூடாது. பம்பாய்க்குப் பிழைக்கப் போன சித்தப்பாவுக்குச் சுகம் வேண்டும். எங்கள் கிணற்றில் தண்ணீர் வற்றக் கூடாது, பக்கத்துக் கிணற்றிலும் வற்றக் கூடாது. இவர்களுக்கு நடுவே தினமும் ஒரு பெரியப்பாவின் பெயரும் வரும். விளை நிலத் தகராறில் எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டவர் அவர். கோயிலில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். அவருடைய பிள்ளைகளின் படிப்புக்காக அப்பா ஒவ்வொரு ராத்திரியும் ஜெபம் பண்ணினார். வழக்கு முடியவில்லை, விளையும் கைக்கு வரவில்லை. ஆனால் பகலில் அந்தப் பெரியப்பாவைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கெட்ட வார்த்தை கேட்டதில்லை. ராத்திரி ஜெபத்தில் சொல்லும் பெயரைப் பகலில் எப்படி ஏச முடியும்? சத்துருவைச் சிநேகிக்கச் சொன்ன வசனத்தை ஞாயிறு பள்ளியில் நான் ஒப்பிப்பதற்கு வெகு முன்பே, அதன் பொருள் பாயில் உட்கார்ந்தபடி என் காதுக்குள் போய்விட்டது.

அடுக்களையில் இன்னொரு பாடம் நடந்தது. அம்மா உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, மூலையில் இருந்த சின்னப் பானையில் போடுவாள். பிடி அரிசி. எங்களில் யாராவது பக்கத்தில் நின்றால் எங்கள் கையாலேயே போடச் சொல்வாள். கை சிறியதென்பதால் இரண்டு பிடி. பானை நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். பஞ்சம்போல இருந்த வருஷங்களிலும், அளவு குறைந்ததே தவிர அந்தப் பிடி நிற்கவில்லை. 1903இல் வேதநாயகம் அசரியாவும் மற்றவர்களும் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தியப் பணத்தில், இந்திய ஊழியர்களைக் கொண்டே நடத்துவது என்பது அவர்கள் தீர்மானம். அங்கிருந்து தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்கள் போனார்கள். ஏழைச் சபைகளுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், நான் அம்மாவின் அந்தப் பானையைத்தான் சொல்வேன். கொடுப்பது என்பது மிச்சம் விழுந்த பிறகு செய்கிற காரியமல்ல, உலை கொதிப்பதற்கு முன்னே செய்வது என்று எங்கள் கைகளுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது நான் சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறேன். அரிசி மூட்டையாக வாசலுக்கு வந்து இறங்குகிறது. ஆராதனையில் காணிக்கை நேரம் வந்தால் மருமகன் போனை எடுத்து க்யூஆர் கோடைப் பிடித்து அனுப்பிவிடுகிறார். என் அப்பா கொடுத்ததைவிடத் தாராளமாகவே கொடுக்கிறார். ஆனால் பக்கத்தில் நிற்கும் ஏழு வயதுப் பேரனுக்கு அப்பா போனைப் பார்ப்பதுதான் தெரிகிறது, கொடுப்பது தெரிவதில்லை.

ஞாயிறு பள்ளி இன்று நன்றாகவே நடக்கிறது. மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் பாட்டும் அசைவும் நாடகமுமாகப் பிள்ளைகள் பத்து நாளும் ஓடி ஓடிப் போகிறார்கள். எங்களுக்குக் கிடைக்காத சந்தோஷம் அது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கவலை வேறு. ராபர்ட் ரெய்க்ஸ் 1780இல் இங்கிலாந்தின் குளஸ்டர் நகரில் ஞாயிறு பள்ளி தொடங்கியது, வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்காக. வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகளுக்கென்று திறந்த கதவு அது. சொல்லித்தர முடிந்த நாமும் பிள்ளைகளை அந்தக் கதவருகே விட்டுவிட்டு, வேலை முடிந்ததென்று திரும்பிவிடுகிறோம். மார்ட்டின் லூத்தர் 1529இல் சிறிய ஞானோபதேசத்தை எழுதியபோது, வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு இப்படிச் சொல்லித்தர வேண்டும் என்றுதான் ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு வைத்தார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனெரி சீகன்பால்கு அதைத் தமிழாக்கினார். தமிழ்ச் சுவிசேஷ சபைகளின் முதல் பாடப் புத்தகங்களில் ஒன்று, வீட்டில் வைத்துச் சொல்லித்தருவதற்காக எழுதப்பட்டது. உபாகமம் ஆறாம் அதிகாரமும் உட்காரும்போது, நடக்கும்போது, படுக்கும்போது, எழும்போது என்று வீட்டு நேரங்களைத்தான் குறித்துத் தருகிறது.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. எங்கள் காலத்தில் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால், "வேதத்துல இருக்குல்லா, பேசாம இரு" என்று ஆச்சி அதட்டுவாள். நரகத்தைச் சொல்லிப் பயங்காட்டிய உபதேசியார்கள் உண்டு. தூக்கத்தில் அலறி எழுந்த பிள்ளைகளும் உண்டு. வசனம் படிக்காமல் ஞாயிறு பள்ளிக்கு வந்துவிட்டால் நாங்கள் எல்லோரும் யோவான் 11:35ஐச் சொல்லிவிடுவோம். லாசருவின் கல்லறைக்குப் போகும் முன் இயேசு அழுததைச் சொல்லும் வசனம் அது. வேதாகமத்திலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று என்பதால் ஒரே மூச்சில் முடிந்துவிடும். யார் செத்தார்கள், அவர் ஏன் அழுதார் என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை, நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை.

போன வருஷம் என் கணவர் இறந்தார். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் பேரன் தவறாமல் ஜெபம் பண்ணினான். அடக்கம் முடிந்து வந்த ராத்திரி கேட்டான்: "ஆச்சி, நான் டெய்லி கேட்டேனே. தாத்தாவ ஏன் சரியாக்கல?"

மகள் என்னைப் பார்த்தாள். தேவ சித்தம் என்று சொல்லி அவன் வாயை அடைத்திருக்கலாம், பெரியவர்கள் அன்றைக்கு என்னிடமும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். "எனக்குத் தெரியலப்பா" என்றேன். பிறகு லாசருவின் கதையைச் சொன்னேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அழுதார் என்று சொன்னேன். "அப்போ இப்பவும் அழுவாரா?" என்றான். "அழுவாருன்னுதான் நான் நம்புறேன்" என்றேன். நான் மெய்யாகவே நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் அந்த மாதங்களைக் கடந்தேன்.

கேட்கிற பிள்ளைக்குக் கதவு திறந்திருப்பது இந்தக் காலத்தின் நன்மை. ஆனால் இப்படிப்பட்ட கேள்வி ஞாயிறு காலை வகுப்பு நேரம் பார்த்து வருவதில்லை. அடக்கம் முடிந்த ராத்திரி வரும், ஸ்கூல் வேனுக்காக நிற்கும்போது வரும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் அம்மாவும் அப்பாவும் ஆச்சியும்தான். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பேசும்போது பவுல் அப்போஸ்தலன் லோவிசாள் என்ற பாட்டியையும் ஐனிக்கேயாள் என்ற தாயையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

மருமகனுக்கு ராத்திரி ஷிப்ட். ஆகவே எங்கள் குடும்ப ஜெபம் காலையில், அவர் வேலை முடித்ததும், வேன் வருவதற்கு முன். பாய் இல்லை, சாப்பாட்டு மேசைதான். பேரன் சீருடையோடு உட்காருகிறான். மகள் தமிழில் வாசிக்கிறாள், அவன் இங்கிலீஷில் பின்தொடர்கிறான். ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொல்ல வேண்டும், அதில் ஒன்று நமக்குப் பிடிக்காதவர் பெயராக இருக்க வேண்டும் என்பது நான் வைத்த ஏற்பாடு. மூட்டை பிரித்ததும் ஒரு டப்பாவில் பிடி அரிசியும் சேர்கிறது. அது சபையின் முதியோர் இல்லத்துக்குப் போகிறது.

என்ன வாசிப்பது என்று வாரத்துக்கு ஒருவர் தேர்ந்தெடுக்கிறோம். இந்த வாரம் அவன் முறை. மறுபடியும் யோனாதான் வேண்டுமாம். படப் புத்தகங்கள் மீன் யோனாவைக் கரையில் கக்குவதோடு கதையை முடித்துவிடுகின்றன. நான் நான்காம் அதிகாரம் வரை போகச் சொல்லியிருக்கிறேன். எதிரி ஊரான நினிவேயைக் கடவுள் அழிக்காமல் விட்டதற்காக யோனா கோபித்துக்கொண்டு ஆமணக்குச் செடியின் நிழலில் உட்கார்ந்திருக்கிற இடம் அங்கேதான் வருகிறது. அவன் அதை இன்னும் கேட்டதில்லை. நாளைக் காலை வாசிக்கிறோம், கேள்விகளுக்காகப் பத்து நிமிஷம் முன்னதாகவே எழுந்துவிட வேண்டும் என்று மகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.