பத்தாவது ஆள்

ஸ்ரீபெரும்புதூரில் கரண்ட் போனால் தெருவே மின்வாரியத்தைத் திட்டும். ஒரு வீட்டிலிருந்து மட்டும் கைதட்டல் கேட்கும். அதுதான் ஹாம் ரேடியோக்காரர் வீடு. ஹாம் என்றால், பொழுதுபோக்குக்காக வானொலியில் ஊர் உலகத்தோடு பேசுகிறவர். எல்இடி பல்பு, சார்ஜர், வாஷிங் மெஷின் என்று அக்கம்பக்கத்தில் ஓடுகிற எல்லாமே அவருடைய ஹெட்போனில் இரைச்சலாகத்தான் வந்து விழுகின்றன. கரண்ட் நின்றால் இரைச்சலும் நிற்கும். அவருடைய ரேடியோ பேட்டரியில் ஓடுகிறது. மெழுகுவர்த்தி தேடி வீட்டார் முட்டிக்கொள்ளும் நேரத்தில், மாடியறையிலிருந்து ஆனந்தக் குரல் வரும்: "ஆஹா, ஜப்பான் எவ்வளவு க்ளியரா இருக்கு!"

ஒரகடத்தில் ஒரு வெண்டார் கம்பெனியில் அவருக்கு மெயின்டனன்ஸ் வேலை. இந்த வட்டாரத்திலிருந்து காரும் பைக்கும் கன்டெய்னர் கன்டெய்னராக வெளிநாடு போகின்றன. இவர் ஏற்றுமதி செய்வது தன் குரலை. அதற்கு 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும், நூறு வாட் ரேடியோவும், மொட்டை மாடியில் பத்து மீட்டர் கம்பியும் போதும். அந்தக் கம்பியால் தெருவில் அவருக்கு ஒரு பெயர் வேறு வந்துவிட்டது. செல்போன் டவர் வைத்து மாத வாடகை வாங்குகிறார் என்பது எதிர் வீட்டுக்காரரின் உறுதியான நம்பிக்கை. "எந்தக் கம்பெனி சார்? நம்ம மாடியும் சும்மாதான் கிடக்கு" என்று விசாரித்தும் பார்த்துவிட்டார்.

ஹாம்களிலும் பல சாதி உண்டு. இவர் பூங்கா வேட்டைக்காரர். அமெரிக்காவின் தேசியப் பூங்காத் துறைக்கு 2016இல் நூறு வயது ஆனபோது, பூங்காக்களில் ரேடியோவோடு போய் உட்கார்ந்து பேசும் பழக்கம் அங்கே பரவியது. அதுவே பின்னர் ‘பார்க்ஸ் ஆன் தி ஏர்’ என்று உலகமெங்கும் கிளை விட்டது. பூங்காவில் உட்காருபவர் ஆக்டிவேட்டர். வீட்டிலிருந்தபடி அவரைத் தேடிப் பிடிப்பவர் ஹன்ட்டர். கொசுக்கடியும் வெயிலும் முதலாமவருக்கு. ஃபேனும் ஃபில்டர் காபியும் நம்மவருக்கு. லாக் எழுதி அனுப்பும் வேலைகூட ஆக்டிவேட்டர் தலையில்தான். இவர் கணக்கில் பூங்கா தானாக ஏறிக்கொள்ளும்.

ஆனால் இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடாதீர்கள். இவருக்கு இது தர்ம காரியம். ஆக்டிவேட்டர் ஒரே நாளில் பத்துப் பேரிடம் பேசினால்தான் அந்தப் பூங்கா செல்லுபடியாகும். அந்த நாளும் உலகப் பொது நேரப்படி. நமக்கு விடிகாலை ஐந்தரைக்குப் பிறக்கிறது. "எங்கேயோ ஒரு காட்டுல ஒன்பது பேரோட ஒருத்தன் தவிச்சுக்கிட்டு இருப்பான். பத்தாவது ஆளா நான் போக வேணாமா?" என்பார். இந்த ஒரு காரணத்துக்காகவே மைத்துனர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில் பந்தி முடிந்த பிறகுதான் ஆள் தென்பட்டார்.

அப்படி என்னதான் பேசுகிறார்கள்? இருபது நிமிடம் "விக்டர் யூனிஃபார்ம் டூ" என்று தொடங்கும் தன் கால்சைனை, அதாவது ரேடியோ அடையாளக் குறியை, தொண்டை கிழியக் கத்துவார். பதில் வந்ததும் அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். "யூ ஆர் ஃபைவ் நைன், செவன்ட்டி த்ரீ." ஃபைவ் நைன் என்றால் குரல் கணீரென்று கேட்கிறது என்று சான்றிதழ். செவன்ட்டி த்ரீ என்பது வாழ்த்து. எதிராளியின் பெயரை நான்கு முறை திருப்பிக் கேட்டு, அப்போதும் புரியாமல், கடைசியில் அவருக்கும் ஃபைவ் நைனே கொடுப்பார். கல்யாண வீட்டில் "சாப்பாடு பிரமாதம்" என்று சொல்லிவிட்டு வருகிற அதே மரியாதைதான்.

"கையில செல்போன் இருக்கே, இது எதுக்கு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 2004 டிசம்பர் சுனாமியில் அந்தமானின் தொடர்புகள் அறுந்தபோது, ரேடியோ இயக்க போர்ட் பிளேருக்குப் போயிருந்த பாரதி பிரசாத் என்ற ஹாம் அங்கிருந்து செய்திகளை அனுப்பியதில் ஆரம்பிப்பார். உங்கள் கம்பெனி பஸ் போய்விடும்.

ஊருக்கு வரும் விருந்தாளிகளை ராஜீவ் காந்தி நினைவிடத்துக்கு இவரே அழைத்துப் போவார். அங்கே மட்டும் குரலைத் தாழ்த்தி, "அவரும் ஹாம்தான். கால்சைன் விக்டர் யூனிஃபார்ம் டூ ரோமியோ கால்ஃப்" என்பார். ஆதிகேசவப் பெருமாள் கோயில் வாசலில் குரல் மறுபடி ஏறிவிடும். "நம்ம ராமானுஜர் என்ன பண்ணினார்? ரகசியம்னு சொன்ன மந்திரத்தை, திருக்கோஷ்டியூர்ல உயரமா ஏறி நின்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னார். எங்க சட்டமும் அதேதான். சங்கேத மொழியில பேசக் கூடாது. பேசறதை யார் வேணும்னாலும் கேக்கலாம். ஆன்டெனா எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது!" அர்ச்சகர் இதையெல்லாம் மறுப்பதில்லை. நடை சாத்த நேரமாகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

ஹொக்கைடோவின் மலைப் பூங்காக்களை வரிசையாக ஒப்பிக்கிற மனிதர் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வருஷா வருஷம் கார்த்திகை பிறந்ததும் மனைவி நினைவூட்டுவார். இவரும் யோசித்துவிட்டு, "அங்கேயிருந்து யாராவது பேசினா கண்டிப்பா பிடிச்சுடறேன்" என்று வாக்குக் கொடுப்பார்.

அந்த அம்மாளும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு ராத்திரி மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தார்: "ஏங்க, இங்க ரெண்டு பேர் தட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கோம். பத்து பேர் வேணாம், மூணாவது ஆளா வந்தா போதும்."

வந்தார். சாப்பிட்டார். ரசம் எப்படி என்று கேட்டதற்கு, யோசிக்காமல் "ஃபைவ் நைன்" என்றார்.

அது எல்லாருக்கும் கொடுக்கிற மார்க்தான் என்பது அந்த அம்மாளுக்குத் தெரியும். மறுநாள் ரசத்தில் உப்பே போடவில்லை. அதற்கும் ஃபைவ் நைன் வந்தது.