பேரைச் சொல்லுங்க, ஜெபிக்கணும்

சீனி இருந்தது. மூட்டையின் வாய் திறந்து கிடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் ரேஷன் கடைக்காரர், "சீனி தீந்துட்டு, நாளைக்கு வாங்க" என்று சொல்லி எங்கள் கார்டைத் தூக்கிப் போட்டார். அது அம்மாவின் கைக்கு வரவில்லை, காலடியில் விழுந்தது. வருஷம் 1968. எனக்குப் பத்து வயது.

அம்மா குனிந்து கார்டை எடுத்தாள். முந்தானையால் புழுதியைத் துடைத்தாள். பிறகு, "அண்ணாச்சி, உங்க பேரு என்ன?" என்று கேட்டாள்.

கடைக்காரர் நிமிர்ந்தார். "எதுக்கு? தாசில்தாருக்கு எழுதிப் போடப் போறியளோ?"

"இல்ல அண்ணாச்சி. ராத்திரி ஜெபத்துல உங்களுக்காகச் சொல்லணும்."

தாசில்தாருக்குப் பயப்படாத ஆட்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். ஆனால் தாசில்தாருக்கும் மேலே ஓர் இடத்துக்கு மனு போகிறது என்றால், அதுவும் மனுதாரர் சிரித்த முகத்தோடு சொன்னால், யாருக்கும் அடிவயிறு கொஞ்சம் கலங்கும். அன்றைக்குச் சீனி கிடைத்தது. எடையும் சரியாக இருந்தது.

திருநெல்வேலிச் சீமையில், தேரிக்காட்டை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. பனைகளுக்கு மேலே மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடிக் கோபுரம் தெரியும். இரவு ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு கீர்த்தனை, ஒரு வேத பாகம், அப்புறம் அம்மாவின் ஜெபம். பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கும். வியாதியஸ்தர், விதவைகள், பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் என்று வரிசையாகப் போய்க் கடைசிப் பக்கத்தில் வரும் அந்தப் பட்டியல்: அந்த வாரம் எங்கள் மேல் எரிந்து விழுந்தவர்கள். சில்லறை இல்லையென்று பாதி வழியில் இறக்கிவிட்ட கண்டக்டர். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வெற்றிலை மென்றுகொண்டிருந்த குமாஸ்தா. பெயர் தெரியாவிட்டால் அடையாளம் எழுதுவாள்: "திருச்செந்தூர் பஸ், மீசை, இடது காலைத் தாங்கி நடப்பார்."

"பேரு தெரியாம ஆண்டவர்ட்ட யாருன்னு சொல்லுதது?" என்பாள். பேரைக் கேட்கப் போன இடத்தில் மற்றதும் தெரிந்துவிடும். கடைக்காரருக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை. கண்டக்டர் விடியற்காலை நாலு மணிக்கு வண்டி ஏறியவர். அதுவும் ஜெபத்தில் வரும். கண்டக்டரின் இடது காலுக்காக எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க ஜெபம் நடந்தது.

அப்பாவுக்கு இந்த ஏற்பாடு ஒத்துவரவில்லை. "நீ எங்க ஜெபம் பண்ணுத? ஆண்டவர்ட்ட கோள் சொல்லுத" என்பார். அவருக்குப் பிடித்தது ரோமர் நிருபம் பன்னிரண்டாம் அதிகாரம். பகைவனின் பசியாற்றினால் அது அவன் தலையில் தணல் கொட்டியது போலாகும் என்று பவுல் சொல்லும் இடம். தணல் உறுதி என்றால் சோறு போட அப்பா தயார்.

எனக்குத் தணலும் போதவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் எலிசா தீர்க்கதரிசியின் கதை கேட்டிருந்தேன். அவருடைய வழுக்கைத் தலையைக் கேலி செய்த பிள்ளைகளை அவர் சபிக்க, காட்டிலிருந்து இரண்டு கரடிகள் வந்து 42 பேரைப் பீறிப்போட்டன. அம்மா கண்டக்டருக்காக உருகிக்கொண்டிருக்கும்போது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கரடி கேட்பேன். இரண்டு வேண்டாம், ஒன்று போதும். களக்காட்டு மலையில் கரடி உண்டு; ஆண்டவருக்கும் அதிக அலைச்சல் இருக்காது.

கரடி வரவில்லை. 1981-ல் எனக்கு அரசாங்க வேலை வந்தது. பொதுமக்களைப் பீறிப்போடும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன்.

எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். பென்ஷன் வாங்குகிறவன் வாயை அடக்க வேண்டும். வேலையில் முதலில் கற்றுக்கொண்டது நிமிராமல் பேசுவது. "நாளைக்கு வாங்க" என்பதைப் பேனா ஓட ஓடச் சொல்ல வேண்டும். பேனா நின்றால் எதிரே இருப்பவர் உட்கார்ந்துவிடுவார். மேஜை டிராயரில் வேதாகமம் வைத்திருந்தேன். காலையில் ஓர் அதிகாரம் வாசித்துவிட்டுத்தான் முதல் ஆளை விரட்டுவேன்.

1989-ல் ஒரு நாள், மூன்றாவது தடவையாக ஓர் ஆச்சி வந்தாள். மேஜை விளிம்பைப் பிடித்திருந்த இரண்டு கைகளும், அதில் ஒன்றில் தொங்கிய மஞ்சள் பையும்தான் என் கண்ணில் பட்டன. "எத்தனை தடவ சொல்லுதது, காது கேக்காதா?" என்றேன். கைகள் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து குரல் வந்தது: "அய்யா, உங்க பேரு என்ன?"

எதற்கு என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பதில் எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். பேனாவை நிறுத்தாமல், பக்கத்து சீட்டுக்காரரின் பெயரைச் சொன்னேன்.

மறு வருஷம் பதவி உயர்வு வந்தது, பக்கத்து சீட்டுக்காரருக்கு. அவர் மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் முடிந்தது. எந்த டாக்டருக்கும் பிடிபடாத அவருடைய வயிற்று வலிகூடச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. தினமும் நெற்றி நிறையத் திருநீறு பூசி வருகிற மனுஷன். இதெல்லாம் எந்தக் கணக்கில் வரவானது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் உண்டு.

இப்போது நான் கவுன்ட்டருக்கு வெளிப்பக்கம். காலம் எவ்வளவோ திருந்திவிட்டது. யாரும் கார்டைத் தூக்கிப் போடுவதில்லை. 2017-ல் ரேஷனுக்கு ஸ்மார்ட் கார்டே வந்துவிட்டது. கைரேகை இயந்திரம் என் விரலை ஏற்க மறுக்கிறது; ஆனால் குரலை உயர்த்துவதில்லை. போன் செய்தால் ஒரு பெண் குரல், என் அழைப்பு அவர்களுக்கு முக்கியம் என்று இருபது நிமிஷம் விடாமல் சொல்கிறது. எங்கள் ஊர்க் கடைக்காரர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "உங்க பேரு என்னம்மா?" என்று ஒருமுறை கேட்டும் பார்த்தேன். தவறான தேர்வு என்றாள்.

காத்திருப்பது எங்கள் சபைக்குப் புதிதல்ல. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையேறிய மிஷனரி சீகன்பால்குவைக் கோட்டை அதிகாரி மணிக்கணக்காக வெளியே காக்கவைத்தார். பிறகு வந்து, போதும் போதும் என்கிற அளவுக்குக் கடுகடுத்தார். தமிழ்நாட்டில் சீர்திருத்தத் திருச்சபையின் கதையே ஒரு ஆபீஸ் வாசலில் நின்றுதான் ஆரம்பிக்கிறது. இரண்டு வருஷம் கழித்து அதே அதிகாரி அவரைச் சிறையிலும் வைத்தார். சீகன்பால்கு ஜெபித்திருப்பார், சந்தேகமில்லை. ஆனால் திரும்பிப் போகவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுதிப் பழகியவர், 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்தார். சோர்ந்துபோகாமல் ஜெபிக்க வேண்டும் என்று சொல்லவந்த இயேசுவும் உதாரணத்துக்கு ஓர் அலட்சிய அதிகாரியைத்தான் பிடித்தார்: யாரையும் மதிக்காத அந்த நியாயாதிபதி. அவனிடம் போன விதவை வீட்டில் முழங்காலில் இருந்துவிடவில்லை. அவன் வாசலுக்கு நடையாய் நடந்தாள்.

இந்த யோசனையெல்லாம், கையில் 87-ஆம் நம்பர் டோக்கனோடு நான் உட்கார்ந்திருந்தபோது வந்தது. உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்கப் போயிருந்தேன். நம்பர் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் திரையைப் பார்த்தபடியே, "சர்வர் டவுன் சார், நாளைக்கு வாங்க" என்றாள். நான் உயிரோடு இருப்பதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. நிமிராமல் சொன்ன அந்த நேர்த்தியை மட்டும் நான் கவனித்தேன். தொழில் தெரிந்தவள்.

"உங்க பேரு என்னம்மா?"

விரல்கள் நின்றன. "எதுக்கு சார்? கம்ப்ளைன்ட்டா?"

"இல்லம்மா. ராத்திரி ஜெபத்துல சொல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தூங்கி நாலு நாள் ஆன கண்கள். ஒரு பெயரைச் சொன்னாள். அச்சுத் தாளை எடுக்க அவள் எழுந்தபோது, கழுத்தில் புரண்டு கிடந்த அடையாள அட்டை திரும்பியது. அதில் இருந்தது வேறு பெயர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து கவுன்ட்டரைப் பார்த்தேன். அங்கே ஒரு பையன், தனக்குத் தவறிப்போன நன்மைகள் எதுவும் தெரியாமல் ஸ்டேப்ளரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவள் சொன்னது பெண்ணின் பெயர்; அவனுக்கு அதில் பங்கில்லை.

வரும் வழியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். அவள் சொன்ன பெயர், அட்டையில் இருந்த பெயர், இரண்டையும் எழுதினேன். பாவம், தூக்கமில்லாதவள் என்று பக்கத்தில் குறித்தேன். முதல் வரியை மட்டும் விட்டுவைத்திருந்தேன், அந்த ஆச்சிக்காக. அவள் என் பெயரைக் கேட்டாள்; நான் அவள் பெயரைக் கேட்கவில்லை. அம்மாவின் முறைப்படி அடையாளமாவது எழுதலாமென்றால், நிமிர்ந்து பார்த்திருந்தால்தானே முகம் தெரியும்.

கடைசியில் எழுதினேன்: "மேஜை விளிம்பு, இரண்டு கைகள், மஞ்சள் பை."