மிதரெரு தேடு படலம்: ஓர் ஆய்வு

மிக்கியோ நருசே 1964இல் எடுத்த ‘மிதரெரு’ என்னும் ஜப்பானியப் படத்தை வீட்டு சோஃபாவை விட்டு எழாமல் பார்ப்பது எங்ஙனம் என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வாளர் படத்தை இன்னும் பார்க்கவில்லை. நூலைப் புரட்டாமலே அதன்மீது முனைவர் பட்டம் வாங்கும் மரபு நம்மிடையே உண்டாதலின், இது குறையாகாது.

தேடுமிடங்கள் மூவகைப்படும்: சந்தா கட்டியவை, கட்ட மறந்தவை, மைத்துனன் கட்டுபவை.

இனிப் பாடபேதம். நருசே சும்மா இராமல் 1955இல் ‘உகிகுமோ’, 1956இல் ‘நகரெரு’, 1967இல் ‘மிதரெகுமோ’ ஆகியவற்றையும் எடுத்து வைத்துவிட்டுப் போனார். மிதரெருவுக்கும் மிதரெகுமோவுக்கும் மோனையும் எதுகையும் பொருந்தும். இரண்டிலும் நாயகன் யூசோ கயாமா. மிதரெருவுக்கும் நகரெருவுக்கும் இயைபு; இரண்டிலும் ஹிதெகோ தகாமினே. ஆகவே ஒன்றைத் தேடுபவர் தொடை இலக்கணப்படியே மற்றதில் இடறுவார் (மைத்துனன், வாய்மொழி, மூன்றாம் தோசைக்கும் நான்காம் தோசைக்கும் இடையில்). மிதரெரு என்றால் கலங்குதல். ஆங்கிலத்தார் ‘இயர்னிங்’, அதாவது ஏக்கம், என்று பெயரிட்டனர். ரிமோட்டின் மைக்கில் இதை உச்சரித்தபோது டிவி ‘ஏர்னிங்’ என்று பாடங்கொண்டு, வீட்டிலிருந்தே சம்பாதிக்கும் வழிகளைத் திரை நிறைய அடுக்கியது. இப்பாடமே மூலத்தினும் சிறந்தது என்று என் மனைவியார் துணிந்தார் (கூடம், இரவு 9.40, அதே கருத்து 9.55இலும், 10.10இல் சற்று உரத்த குரலிலும், ஒப்பிடுக: மாமியார், போன் வழி, மறுநாள் காலை, காபிக்கு முன்).

கடைசியில் ஒரு தளத்தில் போஸ்டர் தெரிந்தது. தகாமினேயின் முகமும் தெரிந்தது. அழுத்தினால், ‘உங்கள் பகுதியில் கிடைக்காது’. படத்தைக் காட்டும் உரிமையை நாடுநாடாக, இத்தனை காலத்துக்கென்று விற்கிறார்கள்; நம் நாட்டுக்கு வாங்குவார் இல்லையேல் படம் இருந்தும் இல்லாததே. (அத்வைதிகள் இதற்கு உரை எழுதலாம். எழுதிவிடுவார்கள் என்பதுதான் பயம்.)

படத்தின் கதை இது: போரில் கணவனை இழந்த ரெய்கோ, புகுந்த வீட்டு மளிகைக் கடையைப் பதினெட்டு ஆண்டு கட்டிக் காக்கிறாள். சூப்பர் மார்க்கெட் வந்து, விலையைக் குறைத்தே அந்தக் கடையை நசுக்குகிறது.

எங்கள் தெருவிலும் ஒரு சிடி கடை இருந்தது. ஜப்பான் படம் கேட்டால் கடைக்காரர் தலைநிமிராமலே “இல்ல சார்” என்பார். அதே விடையை எட்ட இவ்வாய்வுக்கு இரண்டு மணி நேரமும் நான்கு பாஸ்வேர்டுகளும் பிடித்தன. படமே இரண்டு மணி நேரம் ஓடாது.