அப்புனு, உன்ற மைலு என்ன வெலை?

கண்ணு, நீ ப்ளேன் கம்பெனியில நாலு லட்சம் மைல் சேர்த்து வெச்சிருக்கறதா உங்கம்மா ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரியறா. டீக்கடையில ரெண்டு பேரு என்னைப் புடிச்சு வெவரம் கேட்டாங்க, நெலமா, பவுனா, பேங்கு டெபாசிட்டான்னு. "அது ஆகாசத்துல இருக்கற சொத்துங்க"ன்னு சொல்லிப்போட்டு டீயைக் குடிச்சுட்டு வந்துட்டேன். பட்டா சிட்டா கேட்டிருந்தா நான் எங்க போறது?

அந்த மைலைக் குடுத்து நீ முன் சீட்டுக்கு ஆசைப்படறதை நான் தப்புன்னு சொல்லவே மாட்டேன். டல்லாஸ்ல இருந்து லண்டன், லண்டன்ல இருந்து சென்னைன்னு ராத்திரி பகலா முழங்கால் மூஞ்சியில முட்ட உக்காந்து வர்ற புள்ளை நீ. ஏறும்போதே ப்ளேன் கம்பெனிக்காரன், காலை நீட்டிக் கையில ஜூஸ் கிளாஸோட உக்காந்திருக்கறவங்க வழியாத்தான் உன்னைப் பின்னால தாட்டி விடறான். பொறவு நடுவுல ஒரு திரையைத் தொங்க உடறான். மெய்யாலுமே மறைக்கோணும்னா செவுரு வெச்சிருக்க மாட்டானா? திரைன்னா அப்பப்ப வெலகும், நீயும் அப்பப்பப் பாப்பே. அந்தப் பார்வையிலதான் அவன் யாவாரமே நடக்குது.

ரிட்டயர்டான பால் சங்கச் செயலாளனுக்குப் பொழுது எப்படிப் போகும்னு நினைக்கறே? நீ வாங்கிக் குடுத்த டேப்லெட்டுல உன்ற சொத்துக்கு மூலப்பத்திரம் தேடினேன். கிடைச்சுது. அமெரிக்காவுல 1978 வரைக்கும் எந்த ப்ளேன் எங்க போகோணும், டிக்கெட் என்ன வெலைன்னு கவர்மென்ட்டே சொல்லீட்டு இருந்துச்சு. அந்த வருசம் கட்டை அவுத்து உட்டாங்க. ஆளாளுக்கு வெலையைக் குறைச்சுக்கிட்டு அடிச்சுக்கிட்டாங்க. யாவாரம் கைவிட்டுப் போயிருமோன்னு பயந்துதான் 1981 மே ஒண்ணாந்தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இந்த மைல் திட்டத்தை ஆரம்பிச்சுது. ஒரே ஃபோன் நம்பர் திரும்பத் திரும்ப எங்க வருதுன்னு டிக்கெட் கம்ப்யூட்டர்ல தேடி, அடிக்கடி பறக்கறவங்களை அப்படித்தான் கண்டுபுடிச்சாங்களாமா. அடுத்த சில நாள்லயே யுனைடெட்காரனும் அதே கடையை விரிச்சான்.

அப்ப அமெரிக்கன் கம்பெனிக்குத் தலைவரு ராபர்ட் கிராண்டல். அந்த மனுசனைப் பத்தி இன்னொரு கதையும் சொல்லுவாங்க. சாப்பாட்டுத் தட்டுல சாலட்டுக்கு ஒரு ஆலிவ் காயைக் குறைச்சு, வருசத்துக்கு 40,000 டாலர் மிச்சம் புடிச்சவராம் அவரு. கண்ணு, தட்டுல கெடந்த ஒரு காயை எண்ணி எடுத்தவரு, உனக்குப் படுக்கற சீட்டை ஓசியில குடுப்பாருன்னு நீ நம்பறயே, உன்ற நம்பிக்கைக்கே தனியா ஒரு மைல் போடோணும்.

நம்மூரு மொய் நோட்டை எடுத்துப் பாரு. எனக்குக் கல்யாணத்துல அஞ்சு ரூவா எழுதுனவரு பேத்திக்கு நாம ஐநூறு எழுதுனோம். மொய் வருசம் போகப் போக வளரும், சுருங்காது. செய்யாம உட்டா நாலு பேரு கேப்பாங்க. மைல்ல நோட்டும் அவன் கையில, பேனாவும் அவன் கையில. மொதல்ல அமெரிக்கன்காரன் எத்தனை தூரம் பறந்தயோ அத்தனை மைலுன்னான். 2016 ஆகஸ்ட்டுல இருந்து, தூரத்தை உடு, எத்தனை டாலர் குடுத்தேன்னு கேக்கறான். டெல்டாக்காரன் 2015லயே, எந்த ஊருக்கு எத்தனை மைலுங்கற வெலைப் பட்டியலைக் கழட்டி வெச்சுட்டான். இன்னிக்கு ஒரு வெலை, நாளைக்கு ஒரு வெலை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்ல சம்பாதிச்ச மைலுக்கு மூணு வருசந்தான் ஆயுசு. இங்க நம்ம கிங்ஃபிஷர் 2012ல தரையில உக்காந்தப்ப, அதுல சேர்த்து வெச்சவங்க கணக்கும் கூடவே உக்காந்துருச்சு. யாரு போயி எந்தப் பந்தல்ல நின்னு கேக்கறது?

செரி, இத்தனை கேட்டும் உனக்கு ஆசை அடங்குலைன்னா சொல்றேன், கேட்டுக்க.

முன்னால சீட்டுக் காலியா இருக்குது, நான் மைலைக் குடுக்கறேன், அவன் என்னைத் தூக்கி உக்கார வெச்சிருவான்னு நீ நினைச்சுக்கிட்டு இருக்கறே. காலியா கெடக்கற சீட்டு வேற, மைலுக்குன்னு ஒதுக்குன சீட்டு வேற. இருவது சீட்டுக் காலியா இருந்தாலும் மைலுக்கு ஒண்ணுகூட எடுத்து வெக்காம இருப்பான். கடைசி நிமிசத்துல எவனாவது காசோட ஓடி வருவானான்னு வாசலைப் பாத்துக்கிட்டே இருப்பான். அப்பறம் உன்ற டிக்கெட்டுல ஒரு இங்கிலீஷ் எழுத்து இருக்கும், பாத்திருக்கறயா? பக்கத்துப் பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கற ரெண்டு பேருக்கும் அந்த எழுத்து வேற வேறயா இருக்கலாம். அந்த எழுத்துதான் உன்ற சாதகம். ஆக மலிவா வாங்குன எழுத்துக்குப் பல கம்பெனியில மைலைக் கொட்டுனாலும் முன் சீட்டுக் கிடையாது. சிங்கப்பூர்க்காரன் லைட்டுன்னு ஒரு டிக்கெட் விக்கறானே, அதை வாங்குனவனுக்கு மைல்ல அப்கிரேடுங்கற பேச்சே இல்ல. ஆக, ஓசியில மேல ஏறோணும்னா மொதல்ல எச்சாக் காசு குடுத்துக் கீழ உக்காரோணும். சில எடத்துல மைலும் குடுத்து, அதுக்கு மேல டாலரும் குடுக்கோணும். லண்டன்ல இருக்கற உங்க சித்தி மகனைக் கேட்டுப் பாரு, அங்கிருந்து கிளம்பறவங்களுக்கு சாதா கிளாஸை உட்டு ஒரு படி மேல ஏறுனாலே கவர்மென்ட் வரியும் கூட ஏறிக்கும். கம்பெனிக்கு மைலு, ராஜாங்கத்துக்குப் பவுண்டு.

இதெல்லாம் தாண்டி நீ வெயிட்டிங் லிஸ்ட்ல நிக்கறே. உங்க அமெரிக்காவுல ப்ளேன் ஏறற கேட்டு பக்கத்துல டிவி மாதிரி ஒண்ணு வெச்சு, அப்கிரேடுக்குக் காத்திருக்கறவங்க பேரைப் போடறாங்களாமே, கடைசிப் பேருல மூணு எழுத்து, மொதல் பேருல ஒரு எழுத்து. நமக்குக் கடைசிப் பேருன்னு எது இருக்குது? நீ பாஸ்போர்ட்டுல உங்கப்பன் பேரைத்தான் அங்க எழுதி வெச்சிருக்கறே. அதனால டல்லாஸ் ஏர்போர்ட்ல அத்தனை சனத்துக்கு முன்னால பதினேழாவது எடத்துல காத்துக்கிட்டு நிக்கறது நீயில்ல, என்ற மாப்பிள்ளை. மனுசன் ரேசன் கடையிலகூட வரிசையில நின்னதில்ல. இந்த வெசயம் அவருகிட்டச் சொல்லாத.

அந்தப் பதினேழு கொறையவும் கொறையாது. டெல்டா கம்பெனிப் பெரிய மனுசங்களே சொல்லியிருக்காங்க: ஒரு பதினஞ்சு வருசத்துக்கு முன்னால முன்பக்க சீட்டுல நூத்துக்குப் பன்னண்டுதான் காசுக்கு வித்துச்சாம், மிச்சமெல்லாம் வழக்கமா வர்றவங்களுக்கு இனாம். இப்ப முக்காப்பங்கு காசுக்கே போகுதாம். வித்தது போக மிச்சத்துக்குத்தான் நீங்க எல்லாரும் தங்கம், வெள்ளி, பிளாட்டினம்னு பட்டம் கட்டிக்கிட்டு முட்டிக்கிட்டு நிக்கறீங்க. அந்தப் பட்டத்துக்காகத்தானே போன பிப்ரவரி கடைசியில, கணக்கு முடியறதுக்கு முன்னாலன்னு, கட்டுன பொண்டாட்டியை உட்டுப்போட்டு எங்கயோ போயி எறங்கி அதே ப்ளேன்ல திரும்பி வந்தே? பாவம், 2022ல இருந்து கிரெடிட் கார்டு தேய்ச்சே அந்தப் பட்டத்தை வாங்கிரலாம்னு உனக்கு யாரும் சொல்லுல போல. ப்ளேனை அண்ணாந்து பாக்காதவனும் இப்ப உனக்கு முன்னால நிக்கறான்.

மைல் சேர்த்துப் பொழைச்ச ஆளும் இருக்கறாரு, இல்லைங்குல. கலிஃபோர்னியாவுல டேவிட் ஃபிலிப்ஸ்னு ஒரு இன்ஜினியர். 1999ல ஹெல்த்தி சாய்ஸ்னு ஒரு சாப்பாட்டுக் கம்பெனி, பத்து லேபிள் அனுப்புனா மைல் தர்றேன், சீக்கிரம் அனுப்புனா ரெட்டிப்பாத் தர்றேன்னு அறிவிச்சுது. மத்தவங்க சாப்பாட்டு டப்பாவா வாங்குனாங்க. இவரு கடை கடையாப் பூந்து பாத்து, அதே கம்பெனி புட்டிங் கப்பு 25 சென்ட்டுக்கு விக்கறதைக் கண்டுபுடிச்சாரு. 12,150 கப்பு! மொத்தம் 3,140 டாலர். எதுக்கு இத்தனைன்னு கேட்டவங்களுக்கு, 2000 பொறந்தா கம்ப்யூட்டரெல்லாம் நின்னு ஒலகம் முழுகிப் போகுதாமே, அதுக்குச் சேர்த்து வெக்கறேன்னு சொன்னாராமா. லேபிள் உரிச்சு உரிச்சுக் கை வலிக்க, சால்வேசன் ஆர்மிக்காரங்களைக் கூப்புட்டு, நீங்க உரிச்சுக் குடுங்க, புட்டிங்கை நீங்களே வெச்சுக்கங்கன்னுட்டாரு. தருமம் பண்ணுனேன்னு 815 டாலர் வரியிலயும் கழிச்சுக்கிட்டாரு! பன்னண்டரை லட்சம் மைலுக்கு மேல கிடைச்சுது, பெரும்பங்கு உன்ற அமெரிக்கன் கணக்குலயே. இந்த மனுசன் நம்ம சங்கத்துல கணக்கு எழுத வந்திருந்தா நான் பத்து வருசம் முன்னாலயே ரிட்டயர்டு ஆயிருப்பேன்.

அவரு பாத்தது ஒரு பொட்டலத்துல இருந்த ஓட்டை. அந்த மாதிரி ஓட்டையெல்லாம் வெகு சீக்கிரம் அடைபட்டுப் போகும். அமெரிக்க நாணயச்சாலை ஒரு டாலர் காசை ஊடு தேடி அனுப்பிக் குடுத்துச்சு, அனுப்பற கூலி இல்லாம. உன்னாட்ட மைல் சேர்க்கறவங்க கிரெடிட் கார்டுல மூட்டை மூட்டையா வாங்கி, மூட்டையை அவுக்காமயே பேங்குல கட்டி, மைலை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. 2011ல கார்டு செல்லாதுன்னு கதவைச் சாத்திட்டாங்க. சிகாகோவுல ஸ்டீவன் ராத்ஸ்டீன்னு ஒரு பங்கு யாவாரி, 1987ல அமெரிக்கன் கம்பெனிகிட்டயே 2,50,000 டாலர் குடுத்து, சாகற வரைக்கும் முதல் வகுப்புல பறக்கற பாஸ் வாங்குனாரு. கூட வர்ற ஆளுக்குன்னு இன்னொரு ஒண்ணரை லட்சம். பத்தாயிரம் தடவைக்கு மேல பறந்து தீத்தாரு. பக்கத்து சீட்டுல தன்ற பையை உக்கார வெக்க, அதுக்கே ஒரு பேரு வெச்சுப் பதிவு பண்ணுனாராமா. 2008 டிசம்பர்ல ஏர்போர்ட்லயே நிறுத்தி, மோசடி பண்ணுனே, பாஸு ரத்துன்னு கடுதாசி நீட்டுனாங்க. கேஸு கோர்ட்டுக்குப் போச்சு. காசு குடுத்து வாங்குன பத்திரத்துக்கே அந்தக் கதி. நீ கார்டுல பெட்ரோல் போட்டுச் சேர்த்தது எம்மாத்திரம்?

இன்னொண்ணு, இதைக் காதோட வெச்சுக்க. உன்ற மைல்ல முக்காவாசி ஆபீஸ் காசுல பறந்தது. ஜெர்மனியில 2002ல இதே வெசயந்தான் வெளிய வந்துச்சு: அரசாங்க வேலையாப் போன மைலைச் சொந்த டிக்கெட்டுக்கு வெச்சுக்கிட்டாங்கன்னு. பெர்லின்ல அமைச்சரா இருந்த கிரெகோர் கீஸி பதவியையே உட்டுப் போனாரு. ஆனா உங்க கம்பெனியில வெச்சுக்கலாம்னு சட்டம் இருக்குதுன்னு சொன்னே. இருந்தா செரி. எதுக்கும் எழுத்துல ஒரு தடவை பாத்துக்க.

கடைசியா, உன்ற மைலு என்ன வெலைன்னு உனக்குத் தெரியாட்டி, கடன் குடுத்தவங்களைக் கேளு. கொரோனாவுல ப்ளேனெல்லாம் தரையில நின்னப்ப, அமெரிக்கன்காரன் 2021 மார்ச்சுல இந்த மைல் திட்டத்தையே அடமானம் வெச்சு 1,000 கோடி டாலர் வாங்குனான். யுனைடெட், டெல்டாவும் அதே வேலைதான் பண்ணுனாங்க. பறக்கற இரும்பை நம்பாத கடன்காரன், நீ கார்டு தேய்க்கறதை நம்பிக் குடுத்தான். பேங்குக்காரன் ஏர்லைன்ஸ்காரன்கிட்ட மைலைக் காசு குடுத்து மொத்தமா வாங்கறான், உனக்குச் சில்லறையாக் குடுக்கறான், நீ பூட்டி வெக்கறே. நீ செலவு பண்ணாம வெச்சிருக்கற ஒவ்வொரு நாளும் அவனுக்கு நோம்பிதான்.

அதனால சேர்த்து வெக்காத, கரைச்சுப் போடு. ரெண்டு மணி நேரப் பயணத்துக்கு முன் சீட்டுக் கேக்காத. ஜூஸ் குடிச்சு முடிக்கையில எறங்கிரலாம். ராத்திரிப் பயணம், பத்து மணி நேரத்துக்கு மேலன்னா கேளு. அப்பக்கூட, அப்கிரேடுக்கு ஆகற மைலையும் நேரா அந்த சீட்டையே மைல்ல வாங்குனா ஆகறதையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாரு. பல நேரம் நேரா வாங்கறதுதான் லாபம், வெயிட்டிங் லிஸ்ட்டும் கிடையாது. ப்ளேன் ஏறற வாரத்துல கம்பெனிக்காரனே, இத்தனை டாலர் குடு, முன்னால வான்னு செல்லுல கூப்புடுவான். அந்த வெலையை மைலோட ஒத்துப் பாக்காம பொத்தானை அமுக்காத.

அப்பறம், உன்ற மைலை வெச்சு உனக்குத்தான் சீட்டு மாத்தோணும்னு சட்டம் ஒண்ணும் இல்லையாமே? அமெரிக்கன் கம்பெனி விதியைப் படிச்சேன், யாரு பேருல டிக்கெட் இருந்தாலும் செல்லுமாம். உங்கம்மிச்சிக்கு முழங்கால் மடக்குனா நிமுத்த முடியறதில்ல, அதை நான் சொல்லித்தான் உனக்குத் தெரியோணுமா. வைகாசியில எங்க ரெண்டு பேரையும் டல்லாஸுக்குக் கூட்டீட்டுப் போறேன்னு டிக்கெட் போட்டு அனுப்பியிருக்கறயே, அவளை முன்னால உக்கார வெச்சுரு. எனக்கு நடு சீட்டுப் போதும், திரை வெலகறப்ப அவ என்ன சாப்புடறான்னு பாத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு, அவ டிக்கெட்டுல என்ன எழுத்துப் போட்டிருக்குதுன்னு கண்ணாடியைப் போட்டுப் பாத்தும் எனக்குத் தட்டுப்படுல. நீ பாத்துச் சொல்லு. மலிவு எழுத்தா இருந்தா இன்னைக்கே மாத்து.